மூணு சுழி

அன்றைக்குத் தேரிக்குப் போனவர்கள் ஆறு பேர். கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஞானராஜ், அவர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர், டப்பாவை ஒளித்து வைத்தவரும் அவரே. நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிலோமினா டீச்சர். உப்பு லாரி ஓட்டும் முத்துக்குமரேசன். ரேஷன் கடையில் பில் போடும் செண்பகவல்லி. என் மனைவி ஆறுமுகக்கனி. உப்பளத்தில் மூட்டை எண்ணும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சுயம்பு, அதாவது நான். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் பின்னாலேயே ஒரு வெள்ளாடும் வந்தது. யாருடைய ஆடு என்று தெரியாததால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு டப்பாவை ஊருக்குள்ளோ காட்டுக்குள்ளோ ஒளித்துவைத்து, அந்த இடத்துக்கு பூமியின் மேல் என்ன எண்களோ அவற்றைச் செயலியில் போடுவார். மற்றவர்கள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அந்த எண்களை நோக்கி நடப்பார்கள். கைப்பேசி நம்மைக் கிட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், அதற்குப் பிறகு கண்ணும் கையும்தான். டப்பாவுக்குள் ஒரு தாள் இருக்கும், கண்டவர் அதில் தம் பெயரை ஒரு வரியில் எழுதவேண்டும். உள்ளே இருக்கும் பொருள்களில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், எடுத்தால் அதே மதிப்புள்ள வேறொன்றை வைக்கவேண்டும். பிறகு டப்பாவை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்துவிட்டுப் போகவேண்டும், அடுத்தவர் கண்டுபிடிப்பதற்காக. இதற்கு வெளிநாட்டில் ஜியோகேச்சிங் என்று பெயர். எங்கள் ஊரில் டப்பா தேடல்.

சந்தோஷமான விளையாட்டுதான். பெருங்காய டப்பா நல்ல வசதி, சிறியது, மழைத் தண்ணீர் போகாது, ஆனால் எத்தனை முறை கழுவினாலும் வாசம் போகாது, ஆகவே எங்கள் ஊரில் பாதித் தேடல் மூக்கால் நடந்தது. பாலத்துச் சந்துக்குள் கைவிட்டு முத்துக்குமரேசன் குளவியிடம் கொட்டு வாங்கினார். கோயில் மதில் ஓரத்தில் குனிந்து நின்ற எங்களைத் தர்மகர்த்தா பிடித்துக்கொண்டு, "புதையல் எடுக்க வந்தியளோ?" என்று கேட்டார், டப்பாவைத் திறந்து, இரண்டு கோலிக்குண்டும் ஒரு ஊக்கும் இருப்பதைக் காட்டிய பிறகு, "இதுக்கா படிச்சவங்க இப்படி அலையுதிய?" என்று எங்களுக்காக வருத்தப்பட்டார்.

கண்டுபிடித்தால் அதைச் செயலியில் பதிய வேண்டும், கண்டுபிடிக்காவிட்டால் அதையும் பதிய வேண்டும். கிடைக்காதபோது டி.என்.எஃப் என்று மூன்று ஆங்கில எழுத்தைப் போடுவது வழக்கம். பிலோமினா டீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏதோ காய்ச்சல் பேரு மாதிரி இருக்கு. தமிழ்ல ரெண்டே சொல் போதும். கிடைச்சா கண்டேன், கிடைக்காட்டி காணவில்லை. கீழ அவங்கவங்க பேரு" என்றார். எல்லாரும் சரி என்றோம். அது பொங்கல் சமயம், அதற்குப் பிறகு எல்லா டப்பாவும் எங்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்ததால், இரண்டாவது சொல்லை எழுத வேண்டிய நேரம் மாசி மாதத்து அந்த ஞாயிறுவரை வரவில்லை.

ஆறுமுகக்கனி அதற்கு முன் எங்களோடு வந்ததில்லை. "ஊரான் குப்பையில போட்ட டப்பாவைத் தேடுததுக்கு எதுக்கு ஒரு கூட்டம்?" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத் தூக்குவாளியில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு வந்தாள், வந்தவள் எங்கள் எல்லாரையும்விட அதிகமாகத் தேடினாள். தேரி என்பது செக்கச்செவேலென்ற மணல் மேடு, கண்ணுக்கெட்டிய மட்டும் மணலும் பனையும் உடைமுள்ளும் கொல்லாமரம் என்கிற முந்திரியும்தான். ஒரு மேடு போலவே இன்னொரு மேடு இருக்கும், போன மாதம் இருந்த மேடு இந்த மாதம் வேறிடத்தில் இருக்கும். கைப்பேசி எங்களை ஏழு பனை நிற்கும் ஓரிடத்துக்குக் கொண்டுபோனது. பனைகளை நான் எடுத்துக்கொண்டேன். ஆறு பனையை அடியிலிருந்து கை எட்டும் மட்டும் தடவிப் பார்த்து முடித்தேன். ஏழாவது, ஒதுங்கி ஒரு மேட்டின் மேல் நின்றது.

டப்பா அங்கே இல்லை. இருக்கவும் முடியாது. ஞானராஜின் பழைய கருவி இடத்தை நிமிடமும் நொடியுமாகக் காட்டியது, செயலியோ நிமிடத்தையும் அதற்குப் பின் ஒரு புள்ளியையும் கேட்டது. அவர் நொடியை அப்படியே புள்ளிக்குப் பின்னால் எழுதிவிட்டார். இருபத்தேழு நொடி என்றால் நிமிடத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, புள்ளி இருபத்தேழு என்றால் கால்வாசிக்குக் கொஞ்சம் அதிகம். அந்த வித்தியாசம் எங்களைத் தெற்கே முந்நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, பஸ் வரப்போகிறது என்பது மட்டும்தான்.

மணலில் உட்கார்ந்து பதிவு போட்டோம். டீச்சர் முதலில் போட்டார். முத்துக்குமரேசன், "வாழ்க்கையில மொதல் தோல்வி, எழுதித்தான் ஆகணுமா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். கனி தன் கைப்பேசியில் எழுதிவிட்டு அதைத் தூரமாகப் பிடித்து வாசித்துப் பார்த்தாள். "காணவில்லை, ஆறுமுகக்கனி. போலீஸ் ஸ்டேஷன் செவத்துல போட்டோவுக்குக் கீழ எழுதுத மாதிரில்லா இருக்கு!" என்று சிரித்தாள்.

நான் ஒற்றை விரலால் எழுதுகிறவன், படிப்பும் எட்டாம் வகுப்பு. கா போட்டுவிட்டேன். அடுத்த எழுத்தில் நின்றுவிட்டேன். தலையைத் தூக்காமல் கேட்டேன்: "டீச்சர், இதுக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

பதில் இல்லை. கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன், செய்வது வழக்கம்தான். "கனி, நீயாவது சொல்லு. ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஞானராஜ் இருந்தார், பதிவு போடாதவர், ஏனென்றால் ஒளித்து வைத்தவர் தேடினதாகப் பதிய முடியாது. செண்பகவல்லி இருந்தாள், சார்ஜ் போன கைப்பேசியை உதறிக்கொண்டு. ஆடு இருந்தது, என் பையின் வாரைத் தின்றுகொண்டு. மற்ற மூன்று பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் மணல் குழிந்திருந்தது, அந்தக் குழிவரைக்கும் காலடி வந்திருந்தது, அதிலிருந்து எங்கேயும் போகவில்லை. தூக்குவாளியின் மூடி மட்டும் சரிவில் மெல்ல உருண்டுபோய் நின்றது.

காவல் நிலையத்தில் ஏட்டு நல்ல மனிதர். ஞானராஜின் கைப்பேசியில் செயலியைத் திறந்து இரண்டு முறை படித்தார். "காணவில்லைன்னு அவங்களே எழுதி, பேரும் போட்டு, நேரமும் போட்டிருக்காங்க. இம்புட்டுச் சுத்தமா இங்க யாரும் புகார் குடுத்ததில்ல. இதுக்கு மேல நான் என்னத்த எழுத?" என்றார். அவர் சொன்னதில் எங்களுக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

விடிந்ததும் செயலியில் மூன்று புதிய புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அதற்குக் கீழே வழக்கம்போல நட்சத்திரங்கள், தேடுவது எவ்வளவு கஷ்டம், நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று. டீச்சர் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு நட்சத்திரம். முத்துக்குமரேசன் உப்பளச் சாலைப் பாலத்தின் அடியில், இரண்டு. ஆறுமுகக்கனி தேரிக்குள், நான்கு.

அவள் ஏழாவது பனைக்குப் பின்னால் இருந்தாள். காய்ந்த ஓலைகளால் மூடி, ஓலை பறக்காமலிருக்க ஒரு கல்லும் வைத்திருந்தது, நாங்கள் டப்பாவை மூடுவது போலவே. ஓலையை எடுத்ததும் பெருங்காய வாசம் வந்தது. சம்மணமிட்டு, கை இரண்டையும் முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். நான் முன்னால் நின்றேன், கூப்பிட்டேன், தோளைத் தொட்டேன். அவள் என் வழியாகப் பனையைப் பார்த்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கோடு போட்ட நோட்டில் இருப்பது போல மெல்லிய நீலக் கோடுகள். மொத்தம் நாற்பத்து நான்கு. விளையாட்டின் விதி எனக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து முதல் வரியில் சுயம்பு என்று எழுதினேன்.

அவள் கண் என்மேல் வந்து நின்றது. "இவ்வளவு நேரமா? ஏழு பனைய எண்ணுததுக்கு ஒரு நாளாவா ஆகும்? கால் மரத்துப்போச்சு எனக்கு. ஏதோ சுழி கேட்டியள்ல, நான் சொல்லதுக்குள்ள..." என்றாள். பால்பாயிண்ட் பேனா மை, தேரி வெயில். எழுத்து காய்ந்தது, அவள் கண் மறுபடி பனைக்குப் போய்விட்டது.

அப்படித்தான் அது நடக்கும் என்று மூன்று வீட்டுக்காரர்களும் அந்த வாரத்துக்குள் புரிந்துகொண்டோம். பெயர் எழுதினால் பார்ப்பார்கள், எழுதினவரை மட்டும், மை காயும் வரைக்கும். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. முத்துக்குமரேசனின் தம்பிமார் அவரை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கியபோது ஆட்டோவில் வாசம் மட்டும்தான் இருந்தது, அவர் பாலத்தடியில் எடுத்த இடத்திலேயே எடுத்தபடியே இருந்தார். கேட்டு, பார்த்து, ஊரும் தன்னை அதற்கேற்ப வைத்துக்கொண்டது. ஞானராஜ் கடையில் மைப்புட்டியும் நிப்பு பேனாவும் விற்பனைக்கு வந்தன, சீக்கிரம் காயாத மை எது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள், மையில் தேன் கலந்தால் நெடுநேரம் ஈரமாக இருக்கும் என்று செண்பகவல்லி கண்டுபிடித்தாள், ஆனால் எறும்பு வந்ததால் அதை விட்டுவிட்டோம். மேகம் போட்ட நாளில் மூன்று வீட்டு ஆட்களும் வேலைக்கு விடுப்புச் சொன்னார்கள். ஊரில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. ஆடு போனால் "ஆடு தட்டுப்படல" என்றார்கள், சாவி போனால் "சாவி எங்கேயோ சௌகரியமா இருக்கு" என்றார்கள். தேரிக்குப் போகும் வடக்குப் பாதையில், பஸ் நிறுத்தத்தின் பக்கம், ஊராட்சியில் பலகை வைத்தார்கள்: தேடியும் கண்டுபிடிக்காதவர்கள் 'வந்தோம், சென்றோம்' என்று மட்டும் பதிவிடவும்.

வரிகள் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை டீச்சரை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு நட்சத்திரம், பள்ளிக்கூட வளாகம், வகுப்புப் பிள்ளைகள் ஆசையாசையாக வரிசையில் வந்து எழுதினார்கள், ஒவ்வொரு பிள்ளையிடமும் டீச்சர் "வீட்டுப்பாடம் எழுதினியா?" என்று கேட்டார், பிள்ளைகள் மை காயும்வரை அழுதார்கள், காய்ந்ததும் அடுத்த பிள்ளைக்கு இடம் விட்டார்கள். கடைசியில் தலைமை ஆசிரியர் வந்து, தம் பெயரையும் எம்.ஏ., பி.எட். என்பதையும் எழுத இரண்டு வரி எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு வரிதான் இருந்தது. மை காய்ந்தபோது தொட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு காலிப் பெருங்காய டப்பா கிடந்தது. செயலியில், இது இப்போது விளையாட்டில் இல்லை என்று வந்தது.

முத்துக்குமரேசன் கையில் அறுபத்தொரு வரி, நீளமான கை. அவர் மனைவி பேச்சியம்மாள் பாலத்து வாயில் அரிவாளோடு உட்கார்ந்து வெளியாள் ஒருவரையும் நெருங்க விடவில்லை. ஆனால் அவளே காலையில் ஒரு டம்ளர் டீயோடு போய் எழுதினாள், சாயங்காலம் ஒரு டம்ளர் டீயோடு போய் எழுதினாள். நான் ஒருநாள் போய், தயங்கித்தான், "இப்படி எழுதினா ஒரு மாசம்தான் வரும் தாயி" என்று சொன்னேன்.

"எனக்கு அவரு மொகத்தப் பாக்கணும் அண்ணாச்சி. அவரு என் மொகத்தப் பாக்கணும். நீங்க வரியச் சேத்து வச்சு என்ன செய்யப் போறிய? பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டப் போறியளா?" என்றாள்.

பங்குனி முடியுமுன் பாலத்தடியிலும் ஒரு காலி டப்பா கிடந்தது.

நான் மாதம் பிறந்தால் ஒரு வரி என்று வைத்துக்கொண்டேன். மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வரி எழுதினான். மற்ற நாளெல்லாம் நான் எழுதாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், கொண்டுபோன சோற்றைத் தின்பேன், அவள்மேல் விழும் மணலைத் துண்டால் தட்டிவிடுவேன். அவளுக்கு நான் வந்தது தெரியாது. பனையிடம் பேசுவாள். "அந்த மனுசன் இந்த மாசமும் ஒருநாள்தான் வந்தாரு. மூட்டைய எண்ணுத மாதிரி எண்ணி எண்ணி வாராரு. நாப்பது வருசம் கூட இருந்தவளப் பாக்க ஒரு மாசத்துக்கு ஒருநாள்தான் தோணும் போல" என்பாள். நான் பேனாவைத் திறப்பேன். மூடிவைப்பேன்.

வெளியூர்க்காரர்களை என்னால் தடுக்க முடியவில்லை. அந்நியரிடம் பேச எனக்கு எப்போதும் கூச்சம், அரிவாளும் பிடிக்கத் தெரியாது. மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் காரில் வந்தார்கள், நான்கு நட்சத்திரம் என்பதால் இன்னும் ஆசையாக வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஓலையை மெதுவாக எடுத்தார்கள், எழுதினார்கள், கனி ஒவ்வொருவரையும் பார்த்து "சாப்பிட்டியளா? வெயில்ல வந்திருக்கியளே" என்று கேட்டாள். நான் ஆறாவது பனைக்குப் பின்னால் நின்றிருந்தேன். விதிப்படி எடுத்துக்கொண்டார்கள், விதிப்படி வைத்தார்கள். காதுத் தோடு ஒன்று போயிற்று, பதிலாக ஒரு சாவிக்கொத்துப் பொம்மை வந்தது. மூக்குக்கண்ணாடி போயிற்று, ஒரு பிளாஸ்டிக் டைனோசர் வந்தது. மெட்டியை ஒரு பெண் எடுத்துக்கொண்டு, அதே மதிப்பு என்று நினைத்து, வெளிநாட்டு நாணயம் ஒன்றை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஆனி முடியும்போது அவள் மடி நிறையப் பொம்மை இருந்தது. கையில் பதினொரு வரி இருந்தது.

ஆடி பிறந்ததிலிருந்து ஒருவரும் வரவில்லை. காற்றுக் காலம், மணல் பறக்கும், அதனால்தான் என்று நினைத்தேன். ஆவணியிலும் வரவில்லை. புரட்டாசியிலும் வரவில்லை. அந்த மாதங்களில் நானும் எழுதாமலிருந்தேன், பதினொன்று பதினொன்றாகவே இருக்கட்டும் என்று. மனதில் ஒரு நிம்மதி வந்தது, அதை எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை, என் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். கோவில்பட்டியில் அச்சகம் வைத்திருக்கிறவர், பாக்கியநாதன் என்று பெயர். தோளில் தூங்கும் ஒரு பெண் குழந்தை.

"என் வீட்டுக்காரி சுடர்க்கொடிக்கு இந்த விளையாட்டுன்னா உசிரு அண்ணாச்சி. கடற்கரை ரோடு வழியா வந்து தெக்க எறங்கித் தேடினோம். போன் காட்டின எடத்துலதான் தேடினோம், ஒண்ணுமில்ல. சரி போவோம்னு சொல்லி அவ பதிவு போட்டா. தமிழ்லதான் போடுவா எப்பவும்" என்றார். குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டார். "கண்டுபிடிச்சுட்டேன், ஒரு உடைமரத்துக்கு அடியில இருக்கா. நான் எழுதினேன், என்னைப் பார்த்தா. உங்களுக்குத்தான் இதுல வெவரம் தெரியும்னு டீக்கடையில சொன்னாங்க. பாப்பாவுக்கு இன்னும் எழுதத் தெரியாது. அவ சும்மா கிறுக்கினா அதுவும் ஒரு வரி போயிருமா, இல்ல பெரியவங்களுக்கு மட்டும்தானா?"

"அதுவும் ஒரு வரிதான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

பலகை வடக்கில் இருக்கிறது. கனியைத் தேடி வருகிறவர்கள் வடக்கேயிருந்துதான் வருவார்கள். இவர்களைக் கைப்பேசி ஏன் தெற்கே கொண்டுபோனது என்பது எனக்குப் புரிய, ஞானராஜ் கடை வரைக்கும் நடக்கவேண்டியிருந்தது. அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நான்தான் மாத்தினேன் அண்ணாச்சி. அந்தப் புள்ளிகளை அழிக்க முடியல, ஆனா எண்ணை மட்டும் என் போன்லேருந்து மாத்த விடுது. அன்னைக்குத் தெரியாம செஞ்ச அதே தப்பைத் தெரிஞ்சே செஞ்சேன், நொடியைக் கொண்டுபோய் புள்ளிக்குப் பின்னால போட்டேன். மைனிக்குப் பதினோரு வரிதான இருக்கு. உங்ககிட்ட கேட்டா வேண்டாம்னுருவியன்னு கேக்கல."

"தெற்க ஒரு பலகை வைப்போமே" என்றேன்.

"அந்தப் பக்கம் வச்சா மணல் மூடிரும்."

"புள்ளியக் கடலுக்குள்ள கொண்டுபோய்ப் போட்டா?"

"படகு எடுத்துட்டுப் போவாங்க. எனக்கு இவங்களத் தெரியும்." அவர் கைப்பேசியை மேசைமேல் வைத்துக் கவிழ்த்தார். "பேசாம விட்டிருங்க. வாரவன் எல்லாருமா அந்தச் சொல்ல எழுதுதான்? எங்கேயோ ஒருத்தர் எழுதுவாங்க."

எங்கேயோ ஒருத்தர். அந்த ஒருத்தரின் குழந்தை தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. பதினொரு வரியை நான் மாதத்துக்கு ஒன்றாக எழுதினால் அடுத்த புரட்டாசிவரை வரும். அதுவரைக்கும் தெற்கே எத்தனை பேர் என்று என்னால் எண்ண முடியவில்லை, எண்ண முடியாத ஒன்றை என் வாழ்நாளில் நான் விட்டுவைத்ததில்லை.

"திருப்பிப் போடு" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"யோசிச்சுட்டேன்லா. சரியான எண்ணைப் போடு."

அவர் போட்டார். போடும்போது அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நொடியை நிமிடமாக்கி, புள்ளிக்குப் பின்னால் எழுதி, எனக்குக் காட்டினார். கைப்பேசிக்கு ரீசார்ஜ் போட வந்த செண்பகவல்லி கடை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வந்தார்கள். சரியான எண், சரியான பாதை, பலகையைப் படித்துவிட்டு வந்தார்கள். கார்த்திகையில் நான்கு பேர். மார்கழியில் ஆறு பேர், அதில் ஒருவர் தன் நாயின் பெயரையும் சேர்த்து எழுதலாமா என்று என்னைக் கேட்டார், ஒரே வரிக்குள் என்றால் சரி என்றேன். இப்போதெல்லாம் நான் பனைக்குப் பின்னால் நிற்பதில்லை.

தை மாதம், மேகம் போட்ட ஒரு பகல். வலது கையில் முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. நான் சோற்றைத் தின்று முடித்துக் கை கழுவினேன். கனி பனையிடம், "கை ரெண்டும் கனக்கு. எத்தன பேரத்தான் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது வடக்கே ஒரு வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, கதவு இழுபடும் சத்தம், நிறையப் பேர் சிரிக்கும் சத்தம். தேரி மணலில் நடந்து வர அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

மைப்புட்டியைத் திறந்தேன். நிப்பை இரண்டு முறை முக்கினேன். அவள் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சு, ய, ம், பு என்று நான்கு எழுத்தையும் தடியாக, மெதுவாக எழுதினேன்.

அவள் பார்த்தாள். "எங்க போயிட்டிய இத்தன மாசமா?"

"இங்கதான் இருந்தேன். எழுதல."

"எதுக்கு எழுதல?"

"வரிய மிச்சம் பிடிச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மதுரைக்காரர்கள், நாகர்கோவில்காரர்கள், நாய். "யாருக்கு மிச்சம் பிடிச்சிய? ஒங்கள வாசல்ல ஒக்காத்தி வச்சிட்டு ஊரானுக்கெல்லாம் சோறு போட்ட மாதிரில்லா ஆயிட்டு. கூறுகெட்ட மனுசன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கையை நீட்டி என் மேல்துண்டின் ஓரத்தை எடுத்துத் தன் மடியிலிருந்த டைனோசரின் மணலைத் துடைத்தாள். "சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"புளிச்சோறா?"

"ஒன்ன மாதிரி வைக்க வரல."

சு காய்ந்துவிட்டது. ய ஓரத்தில் மங்கியது. இந்த ஒரு வருடத்தில் அந்தச் சொல்லைச் சுவரிலும் செய்தித்தாளிலும் எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன், ஆனால் கேட்டது அவளிடம், அதனால் கேட்டேன்.

"கனி, அன்னைக்குக் கேட்டனே. ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

"மூணு சுழி. இதுகூடத் தெரியாமலா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள், கைப்பேசி இருக்கும் பையை. அவளுடைய முகம் மாறியது. "எதுக்கு இப்ப அது? அந்தப் போன இங்க குடுங்க. குடுங்கன்னா" என்று கையை நீட்டினாள்.

பு காய்ந்தது.

வேன்காரர்கள் வந்தபோது ஓலையின் மேல் ஒரு காலிப் பெருங்காய டப்பாவும், சுற்றிலும் பொம்மைகளும் இருந்தன. கல்லூரிப் பிள்ளைகள், பன்னிரண்டு பேர். "ஐயா, இங்க நாலு ஸ்டார் ஒண்ணு..." என்று ஒரு பெண் தொடங்கினாள். இல்லை அம்மா, முடிந்துவிட்டது என்றேன். பதிவு போடும்போது வந்தோம், சென்றோம் என்று போடுங்கள் என்று சொன்னேன், பன்னிரண்டு பேரும் போட்டு முடிக்கும்வரை ஒவ்வொருவர் கைப்பேசியையும் வாங்கிப் பார்த்தேன். அவர்கள் போன பிறகு பொம்மைகளையெல்லாம் டப்பாவில் கொண்டமட்டும் போட்டு, மற்றதைப் பக்கத்தில் அடுக்கி, ஓலை மூடி, கல்லை எடுத்த இடத்திலேயே எடுத்தபடியே வைத்தேன்.

பிறகு அவள் உட்கார்ந்திருந்த குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தேன். போன மாசியில் எழுதி அனுப்பாத கா அங்கேயே நின்றது. ஒற்றை விரலால் தேடி, மூன்று சுழி ணவைப் போட்டேன். காண. அதுவரைக்கும் நிறுத்தினாலும் அது ஒரு சொல்தான், அதற்கு ஒன்றும் ஆகாது. பஸ் நிறுத்தத்துப் பக்கம் ஞானராஜ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது காற்றில் வந்தது, ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. விரல் திரைக்கு மேல் நின்றது.

மீதி மூன்று எழுத்து.